வேலூருக்கு எத்தனை எழுத்து?

மூன்று என்பீர்கள். வே, லூ, ர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் அப்படித்தான் எண்ணும். 2023 டிசம்பரில் ஒரு மென்பொருளிடம் கேட்டேன், ஆறு என்றது. அந்த ஆறைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் அடுத்த ஆண்டு கூகுள் சம்மர் ஆஃப் கோடில் எனக்கு இடம் கிடைத்தது. மாணவர்கள் வாயில் அது ஜீசாக். அதற்கு முந்தைய ஆண்டு விண்ணப்பித்து மண்ணைக் கவ்வியிருந்தேன். இரண்டையும் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் நான் முதலில் செய்த அதே தப்பைத்தான் இன்னும் செய்கிறார்கள்.

ஊர் குடியாத்தம். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்கிறவர். நான் வேலூரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் கணினி அறிவியல் படித்தேன். கையில் இருந்தது அக்காவுக்குப் பிளஸ் டூ-வில் கிடைத்த அரசு லேப்டாப், 4 ஜிபி ராம். பேட்டரி செத்து வருஷக்கணக்காகிவிட்டது. கரண்ட் போனால் அதுவும் போகும்.

ஜீசாக் தெரியாதவர்களுக்கு: கூகுள் 2005 முதல் நடத்திவரும் திட்டம் இது. வேலை கூகுளுக்கு அல்ல, கட்டற்ற மென்பொருள் அமைப்புகளுக்கு, அதாவது நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்திருப்பவர்களுக்கு. 2024-ல் 195 அமைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய வேலைகளைப் பட்டியலிடும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எப்படிச் செய்வோம் என்று ஒரு முன்மொழிவு எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வானால் அந்த அமைப்பைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்வார். உதவித்தொகையும் உண்டு. முன்பு மாணவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை, 2022 முதல் 18 வயது நிரம்பிய புதியவர்கள் யாரும் சேரலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

2023-ல் நான் இதை ஒரு நுழைவுத் தேர்வு மாதிரிதான் நினைத்தேன். பாரம் போடுவோம், கட்-ஆஃப் இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. மூன்று முன்மொழிவு வரை அனுப்பலாம் என்று விதியில் இருந்தது. கவுன்சிலிங்கில் கல்லூரி வரிசை போடுவதுபோல மூன்றையும் நிரப்பினேன். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்புதான் எழுதவே உட்கார்ந்தேன். ஒவ்வொன்றும் பதினான்கு பக்கம். முதல் இரண்டு பக்கம் அந்த அமைப்பின் வரலாறு, அவர்கள் தளத்திலிருந்தே எடுத்தது. அவர்கள் கதையை அவர்களிடமே பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு எழுதுவதுபோல எழுதி அனுப்பியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அதைவிட மோசம், நான் அனுப்பிய தனிச்செய்திகள். மூன்று வழிகாட்டிகளுக்கும் தனித்தனியாக, ஏறக்குறைய இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் இரண்டாம் ஆண்டு மாணவன். தங்கள் திட்டத்தில் பணியாற்ற மிகுந்த ஆர்வமாக உள்ளேன். எங்கிருந்து தொடங்குவது என்று தயவுசெய்து வழிகாட்டவும்."

இரண்டு பேரிடமிருந்து பதிலே வரவில்லை. மூன்றாமவர் ஒரே வரி எழுதினார்: பொது அரட்டையில் கேளுங்கள். எனக்குச் சுருக்கென்றது. மரியாதையாகத்தானே கேட்டோம், விரட்டுகிறாரே என்று தோன்றியது. பொதுவில் கேட்கவும் இல்லை. இருநூறு பேர் இருக்கும் இடத்தில் என் அரைகுறை ஆங்கிலத்தை யார் காட்டுவது?

மே 4-ஆம் தேதி மூன்றும் வரிசையாக நிராகரிப்பு.

எங்கள் பிள்ளைகளுக்குக் கோடிங் வராது என்பதெல்லாம் பேச்சே இல்லை, நன்றாகவே வரும். வராதது கேள்வி கேட்பதுதான். வகுப்பில் எழுந்து கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்பார்கள். அதனால் மணி அடித்த பிறகு வராந்தாவில் "சார், ஒரு சின்ன டவுட்" என்று தனியாகப் பிடிப்போம். கட்டற்ற மென்பொருளில் அந்த வராந்தாவே கிடையாது. தனியாகக் கேட்டால், அதே கேள்வியை இன்னும் நாற்பது பேர் தனியாகக் கேட்டிருப்பார்கள். நாற்பது பேருக்கும் ஒருவரே பதில் எழுத வேண்டும். பொதுவில் கேட்டால் யாராவது ஒருவர் பதில் சொல்வார், அடுத்து வருகிறவனுக்கும் அது கிடைக்கும். அந்த மூன்றாமவர் என்னை விரட்டவில்லை, சரியான வாசலைத்தான் காட்டியிருக்கிறார். அது புரிய எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

நடுவில் அப்பா ஒன்று சொன்னார். நான் நடந்ததைப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் தறியை விட்டு எழாமலே கேட்டார்: "புதுசா வர்றவனை எடுத்த எடுப்புல தறியில உட்கார வெப்போமா? மொதல்ல தார் சுத்தச் சொல்வோம். நீ தார் சுத்தினியா?" ஊடை நூலைக் குச்சியில் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. நான் சுற்றவில்லைதான்.

அந்த அக்டோபரில் அமைப்பைத் தேடும் முறையை மாற்றினேன். எத்தனை பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், எவ்வளவு பெரிய பெயர் என்று பார்க்கவில்லை. கடைசியாக உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்ட புல் ரிக்வெஸ்டுகளை, அதாவது வெளியாட்கள் அனுப்பிய திருத்தங்களை, திறந்து பார்த்தேன். புதியவர்கள் அனுப்பியதும் அதில் இருக்கிறதா? அனுப்பிய எத்தனையாவது நாள் யாராவது பதில் போட்டிருக்கிறார்கள்? தவறு செய்தவரிடம் எப்படிப் பேசியிருக்கிறார்கள்? இந்த மூன்றையும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பெரிய பெயருள்ள ஓர் இடத்தில் புதியவர்களின் திருத்தங்கள் ஐந்து மாதமாகக் கேட்பாரற்றுக் கிடந்தன. அங்கே போய் என்ன செய்வது? கடைசியில் குறிப்புகளையும் ஆவணங்களையும் சேமித்துத் தேடும் ஒரு நடுத்தர மென்பொருளில் நின்றேன். அதை உருவாக்குகிறவர்கள் முந்தைய ஆண்டுகளில் ஜீசாக்கில் இருந்தவர்கள். அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரியில்தான் வரும், ஆனால் பல ஆண்டுகளாக வருகிறவர்கள் பெரும்பாலும் மறுபடி வருவார்கள். அந்தத் துணிச்சலில் முன்கூட்டியே தொடங்கலாம்.

முதல் வேலை, அதை என் கணினியில் பில்டு செய்து, அதாவது நிரலிலிருந்து மென்பொருளாக உருவாக்கி, ஓடவைப்பது. எழுதியிருந்தபடியே கட்டளையைக் கொடுத்தேன், பத்தாவது நிமிடத்தில் லேப்டாப் உறைந்து நின்றது. மறுபடி செய்தேன், மறுபடி உறைந்தது. அப்போதுதான் முதன்முறையாகப் பொது அரட்டையில் எழுதினேன். எழுதுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. செய்தி இவ்வளவுதான்:

"உபுண்டு 22.04, ராம் 4 ஜிபி. பில்டு வழிகாட்டியின் 3-ஆவது படி வரை வந்தேன். 4-ஆவது படியில் சுமார் 60 சதவீதத்தில் கணினி உறைகிறது. கடைசி இருபது வரிகளை இணைத்துள்ளேன். இரண்டு முறை முயன்றேன், இரண்டிலும் அதே இடம். நினைவகம் போதாமையா, வேறு ஏதாவதா?"

இருபது நிமிடத்தில் மூன்று பேர் பதில் போட்டார்கள். எல்லா வேலைகளையும் ஒரே சமயத்தில் ஓடவிடாதே, ஒவ்வொன்றாக ஓடவிடு, ராம் போதாதபோது கைகொடுக்க டிஸ்கில் ஒரு ஸ்வாப் ஃபைலும் போட்டுக்கொள் என்றார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கியது காலையில் பால்காரர் மணி அடிக்கும்போது முடிந்தது. என் ஆங்கிலத்தை யாரும் சட்டை செய்யவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம்.

இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஆர்வம், மரியாதை எல்லாம் இருக்கிறது, ஆனால் படிக்கிறவர் பதில் சொல்ல ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் என் பெயர்கூட இல்லை. என்ன செய்தேன், எங்கே நின்றது, என்ன சந்தேகப்படுகிறேன் என்ற மூன்றும் இருக்கிறது. ஐயா, சார் எதுவும் வேண்டாம், எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அறுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

"குறைந்த நினைவகம் உள்ள கணினிகளுக்கு" என்று அந்தப் பில்டு வழிகாட்டிப் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்து அனுப்பினேன். அதுதான் என் முதல் புல் ரிக்வெஸ்ட். இரண்டே நாளில் சேர்த்துக்கொண்டார்கள். நான் சுற்றிய முதல் தார்.

டிசம்பரில்தான் வேலூர் வந்தது. அந்த மென்பொருளில் குறிப்புகளின் தலைப்பு நீளமாக இருந்தால் வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கும். தமிழில் ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன். 'வேலூர்' என்பது ஓரிடத்தில் 'வேலூர' என்று வந்தது, புள்ளியைக் காணோம். அகலத்தைக் குறைத்தால் 'வேல' என்று நின்றது. காரணம் எளியது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் வேலூர் என்பது வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறியெண்கள். நிரல் அந்த ஆறை எண்ணி, நடுவில் கத்தியை வைக்கிறது. ஆற்காடு நமக்கு நான்கு, அதற்கு ஏழு. ராணிப்பேட்டை நமக்கு ஆறு, அதற்குப் பன்னிரண்டு. அந்த அமைப்பில் இருந்த ஜெர்மனிக்காரரும் பிரேசில்காரரும் இதைப் பார்த்திருக்கவே முடியாது. அவர்கள் மொழியில் பெரும்பாலும் எழுத்து ஒன்றென்றால் குறியெண்ணும் ஒன்றுதான்.

இந்த வழுவை, அதாவது மென்பொருளின் பிழையை, பதிவு செய்தேன். படம் இணைத்தேன். குறியெண்களை விட்டுவிட்டு, உயிர்மெய் சேர்ந்த எழுத்துக்கொத்தை ஓர் அலகாக எண்ண யூனிகோடே ஒரு விதி வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தித் திருத்தமும் அனுப்பினேன். அமைப்பின் வழிகாட்டி ஒருவர் கேட்டார்: "ஸ்ரீ ஒன்றா, இரண்டா?" யூனிகோடு விதிப்படி இரண்டு கொத்து, நம் கண்ணுக்கு ஒன்று. அதற்கு மேல் நான்கு நாள் விவாதம் ஓடியது. கேள்வி கேட்கவே கூசியவனிடம் இப்போது அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரியும் என்பதெல்லாம் ஒரு தகுதியா என்று நினைக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். நம் மொழியில் எந்த மென்பொருளை ஓட்டிப் பார்த்தாலும், யாரும் இதுவரை பார்க்காத ஓட்டை ஒன்றாவது அகப்படும்.

அடுத்த ஓட்டையே என் முன்மொழிவானது. கொணவட்டம் என்று தேடினால் சில குறிப்புகள் அகப்படவில்லை. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்குமாக இதைச் சரிசெய்து, நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானே பார்க்கும் சோதனைகளும் எழுதுவது, 175 மணி நேர வேலை. இது அவர்கள் பட்டியலிலேயே இல்லை. பொதுவில் கேட்டேன், "எழுதிக் கொண்டுவா, பார்ப்போம்" என்றார்கள்.

இந்த முறை முன்மொழிவு ஆறு பக்கம். வழு என்ன, ஏற்கெனவே என்ன செய்திருக்கிறேன் (சேர்க்கப்பட்ட ஐந்து திருத்தங்களின் இணைப்புகள்), வாரவாரியாக என்ன செய்வேன், எது சொதப்பலாம். கடைசியாக ஒன்று, பலர் மறைப்பது: செமஸ்டர் தேர்வு. வேலை தொடங்குவது மே 27, என் தேர்வுகள் முடிவது ஜூன் முதல் வாரம். முதல் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் முடியும், ஜூலையில் ஈடுகட்டுவேன் என்று தேதியோடு எழுதினேன். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதாமல் விட்டு ஜூனில் காணாமல் போயிருந்தால்தான் வம்பு.

மார்ச் நடுவில் வரைவைப் பொதுவில் பகிர்ந்தேன். அப்போது நோன்பு மாதம். பேர்ணாம்பட்டு நண்பன் ஒருவன் சஹருக்கு எழுந்ததும் அதைப் படித்துவிட்டுக் குறிப்பு அனுப்புவான். "எல்லா வரியிலயும் 'செய்யப்படும்', 'சேர்க்கப்படும்'னே இருக்கே, யார்டா செய்யப்போறது?" என்று ஒருநாள் கேட்டான். உட்கார்ந்து எல்லாவற்றையும் 'நான் செய்வேன்' என்று மாற்றினேன். எனக்குக் கிடைத்த ஆகச்சிறந்த திருத்தம் அதுதான். ஏஐ-யைக் கேட்டு முன்மொழிவு எழுதலாமா என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். இலக்கணம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக எழுத விட்டால் அதுவும் 'செய்யப்படும்' என்றே பக்கம் பக்கமாகத் தரும். நாளுக்கு இருபது முன்மொழிவு படிக்கிறவருக்கு மூன்றாவது வரியில் தெரிந்துவிடும்.

ஒரு சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் செவ்வாய்க்கிழமை பெர்லின் நேரம் மாலை ஐந்துக்குக் கூட்டம். நமக்கு இரவு ஒன்பதரை. 2024-ல் கடைசித் தேதி ஏப்ரல் 2, அதுவும் செவ்வாய். கூட்டத்தில் கடைசியாக ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிட்டுப் புதிய பிரதியை ஏற்றலாம் என்று ஒன்பது இருபத்தைந்துக்குப் போய் உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்து போயிருந்தது. மார்ச் 31-ஆம் தேதி ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்து, நமக்கு எட்டரை. ஆண்டுக்கு இரண்டு முறை இப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. கூட்ட நேரத்தை அவர்கள் ஊர்க் கடிகாரப்படி போனில் போட்டு வையுங்கள். நல்லவேளை, முந்தைய நாளே ஒரு பிரதியை ஏற்றி வைத்திருந்தேன். நேரம் முடியும்வரை மாற்றிக்கொள்ளலாம். அரட்டையில் கேட்டேன், வழிகாட்டி பதில் போட்டார். தேர்தல் பிரசார ஆட்டோக்கள் பத்து மணியோடு ஓய்ந்ததால் நிம்மதியாகத் திருத்தி, பதினொன்று பத்துக்கு ஏற்றினேன். நமது நேரப்படி பதினொன்றரைக்குக் கதவு சாத்திவிடும்.

மே 1 இரவு அதே பதினொன்றரைக்கு முடிவு வந்தது. வேலூர் மாவட்டத்து மே மாதம், மொட்டை மாடியிலும் காற்றில்லை. அப்பா விழித்துத்தான் இருந்தார். சொன்னேன். "காசு எதுனா கட்டணுமா?" என்றார். கட்ட வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தேர்வாக வைக்கிறோம் என்று பணம் கேட்கும் ஆட்கள் முளைத்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்துக்கு எந்தக் கட்டணமும் இல்லை.

நன்றாக எழுதியும் கிடைக்காமல் போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அமைப்புக்கு இத்தனை இடம் என்று கூகுள் ஒதுக்கும். ஆறு நல்ல முன்மொழிவு இருந்து நான்கு இடம்தான் கிடைத்தால் இரண்டு பேர் வெளியே. என்னோடு அதே அமைப்பில் வேலை பார்த்த ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. என்னைவிடக் கெட்டிக்காரர்.

வேலை நடந்த மூன்று மாதத்தில் சொல்ல அதிகமில்லை, ஓர் ஆறு நாள் தவிர. ஜூலைத் தொடக்கத்தில் நான் மாற்றிய ஒரு பகுதியால் சம்பந்தமே இல்லாத பதினொரு சோதனைகள் உடைந்தன. ஏன் என்று புரியவில்லை. அடுத்த வாரம் இடைக்கால மதிப்பீடு. பழைய புத்தி தலைகாட்டியது: நாமே சரி செய்துவிட்டு அப்புறம் சொல்வோம். ஆறு நாள் அரட்டைப் பக்கமே போகவில்லை. இடையில் ஒருநாள் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை, அதையும் சாக்காக வைத்துக்கொண்டேன். ஏழாம் நாள் வழிகாட்டி எழுதினார், நலமா என்று மட்டும். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பார்த்துவிட்டு, பழைய தேடல் அட்டவணையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினாயா என்று கேட்டார். உருவாக்கவில்லை. ஒரே கட்டளை, பதினொரு சோதனையும் தேறிப் பச்சையாகிவிட்டன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் எழுதிவிடு என்றார். அதன் பிறகு தினமும் மாலையில் மூன்று வரி போட்டேன்: இன்று செய்தது, நாளை செய்வது, நிற்கும் இடம்.

பண விஷயம். 2024-ல் இந்தியாவில் 90 மணி நேரத்துக்கு 750 டாலர், 175-க்கு 1,500, 350-க்கு 3,000. இரண்டு தவணையாக, பேயோனியர் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக வரும். என்னுடையது ரூபாயில் ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் ஒற்றை எழுத்து, விண்ணப்பத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம். மூன்றும் ஒத்துப்போகாமல் மூன்று வாரம் அலைந்தேன். விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

ஜீசாக் ஒன்றுதான் வழி என்றில்லை. இதே மாதிரி அவுட்ரீச்சி என்ற திட்டம் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது, தொழில்நுட்பத் துறையில் ஓரங்கட்டப்பட்டவர்களுக்கானது. உதவித்தொகை 7,000 டாலர், முதல் கட்டத்தில் கட்டுரைக் கேள்விகள் இருக்கும். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்எக்ஸ் என்ற வழிகாட்டல் திட்டம் ஆண்டுக்கு மூன்று பருவம். ஆங்கிலத்தில் கேட்கப் பயமாக இருந்தால் முதலில் தமிழில் கேட்டுப் பழகலாம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு வாராவாரம் இணையத்தில் தமிழிலேயே கூடுகிறது, விழுப்புரத்திலும் ஒரு குழு இருக்கிறது. வேலூருக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம்.

போன மாதம் எங்கள் கல்லூரி ஜூனியர் ஒருவன் எழுதினான்: "அண்ணா, பர்சனலா ஒரு டவுட்." பொதுவில் கேள் என்றேன். நான்கு நாள் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டான் போல என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் இரவு அவன் கேள்வி அரட்டையில் வந்தது. எந்தப் பதிப்பு என்று எழுத மறந்திருந்தான். பதில் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. பிரேசில்காரர் எந்தப் பதிப்பு என்று கேட்டார், அவன் சொன்னான், ஆளுக்கொன்றாகப் பேசத் தொடங்கினார்கள்.